வெட்டியவரே ஒட்டிய ஜீப்

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் முன்பக்கம் ஒரு இரும்புத் தகடு. மேலிருந்து கீழாக ஒன்பது நீள ஓட்டை, இரண்டு ஓரத்திலும் வட்டமாகப் பெரிய ஓட்டை ஒவ்வொன்று. அந்த வட்டங்களில் சித்தி கம்பிவலை அடித்து வைத்திருந்தார். சின்ன வயதில் நீள ஓட்டைகள் வழியாகத் தவிடு தள்ளி விட்டிருக்கிறேன். அது ஒரு ஜீப்பின் முகம் என்று தெரிந்தபோது எனக்கு வயது நாற்பத்துமூன்று.

ஜீப் வேறு யாருடையதும் இல்லை, எங்களுடையதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் உள்ளே ஏறினால் எங்கள் ரப்பர் தோட்டம். 1963இல் பாட்டா, அதாவது என் தாத்தா, ஒரு எஸ்டேட்காரரிடம் அந்த வண்டியை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வண்டி. போர் முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்டதை யார் யாரோ வாங்கி, கைமாறிக் கைமாறி மலையேறி வந்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சி முத்திரை இருக்கும். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்வதற்கு முந்தைய பதிவு.

ஆனால் நான் பார்த்து வளர்ந்த ஜீப்புக்கும் அந்த ஜீப்புக்கும் பெயர்தான் ஒன்று. 1989இல் அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பெஜோ டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். எஞ்சின் உயரம் கூடியதால் பானட்டும் முன்தகடும் மாறின. மஹிந்திரா வண்டிக்கு உள்ள மாதிரி ஏழு ஓட்டை முகம் வந்தது. மேலே தகரக் கூரை, பின்னால் எதிரும் புதிருமாக நீள சீட்டு. ரப்பர் ஷீட் கட்டு, உர மூட்டை, பிரசவ வலி கண்ட பெண்கள், கல்யாணச் சாம்பார் அண்டா, ஒருமுறை பாட்டாவின் சவப்பெட்டி, எல்லாம் அதில்தான் போயின.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்த இரவு ஷெட்டின் மேல் மரம் விழுந்தது. ரப்பர் மரம் வேரோடு சாயும், அல்லது பாதியில் முறியும். இது முறிந்து கூரையோடு ஜீப்பையும் அமுக்கிவிட்டது. தோட்டத்தில் பாதி மரம் போன அந்த வருடம் ஜீப்பைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நான்கு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து விலை பேசிப் போனார். மூன்றாவது முறை வருவதற்குள் நான் ஆசானைப் போய்ப் பார்த்தேன்.

ஆசான் என்றால் எங்கள் பக்கத்து ஜீப் மெக்கானிக். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1989இல் எங்கள் வண்டியை வெட்டி டீசல் எஞ்சின் ஏற்றியதும் அவர்தான்.

"பழையபடி ஆக்கணும் ஆசானே" என்றேன்.

"பழையபடின்னா எது மக்கா? நான் வெட்டுறதுக்கு முந்தியா, ஓங்க பாட்டா வாங்கினப்பவா, பட்டாளத்துல இருந்தப்பவா?"

வாயடைத்துப் போனேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் ரூபாய் செலவழிக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நான் பட்டாளத்தில் இருந்தபடி என்று வேகமாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலைப் பிறகு மூன்று இடத்தில் மாற்ற வேண்டி வந்தது.

தார்ப்பாயை எடுத்து மண்ணெண்ணெய் போட்டுச் சட்டத்தைத் துடைக்க ஆரம்பித்தோம். வீட்டில் எல்லோரும் அதை வில்லீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆர்.சி.யிலும் தயாரிப்பாளர் இடத்தில் வில்லீஸ்தான். ஆனால் சேஸிஸ் எண்ணுக்கு முன்னால் ஜி.பி.டபிள்யூ. என்று மூன்று எழுத்து உண்டு. அதை யாரும் சட்டை செய்ததில்லை. ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போகிற சட்டத்தைத் துடைத்ததும் ஆசான் டார்ச் அடித்துப் பார்த்தார். வில்லீஸ் கம்பெனி போருக்குச் செய்த ஜீப்பான எம்.பி. என்றால் அந்த இடத்தில் உருண்டைக் குழாய் இருக்கும். எங்களுடையதில் கவிழ்த்துப் போட்ட யு வடிவச் சட்டம். அதாவது ஃபோர்டு கம்பெனி செய்த வண்டி. வில்லீஸ் கம்பெனியால் மட்டும் போருக்குத் தேவையான அளவு செய்ய முடியாததால், அதே வரைபடத்தை வாங்கி ஃபோர்டும் செய்தது. ஜி என்றால் கவர்ன்மென்ட், பி என்பது முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள 80 அங்குல இடைவெளிக்கான குறியீடு, டபிள்யூ என்பது வில்லீஸின் வடிவமைப்பு. அறுபது வருடமாக எழுதியே இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஒரு போல்ட்டின் தலையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு ஆசான் என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தால், கையெழுத்து மாதிரி வளைந்த ஒரு சின்ன ஆங்கில எஃப். ஃபோர்டு தன் பாகங்களில் எல்லாம் அந்த எழுத்தைக் குத்தி வைத்தது. அன்று சாயங்காலம் வரை இருவரும் குழந்தைகள் மாதிரி எஃப் தேடினோம். இருபத்தேழு கிடைத்தது. அந்தப் போல்ட்டுகளில் ஒன்றைக்கூட நான் தூக்கிப் போடவில்லை. மரை தேய்ந்ததையும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்படிச் சட்டத்தைத் துடைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஃபோர்டு வண்டியில் சேஸிஸ் எண் இடதுபக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், எஞ்சின் மவுண்டுக்கு முன்னால் குத்தியிருக்கும். தகடு அடிக்காமல் இரும்பிலேயே குத்திய எண். மணல் பீய்ச்சித் துரு எடுக்கிறவர்களிடம் சட்டத்தை அப்படியே கொடுத்தால் எண் மழுங்கிப் போகும். பிறகு வண்டி யாருடையது என்று நிரூபிக்க அலைய வேண்டியதுதான். நாங்கள் முதலில் எண்ணைப் படம் எடுத்து, காகிதம் வைத்துப் பென்சில் அச்சும் எடுத்துக்கொண்டோம். அப்புறம் அதன் மேல் கிரீஸ் தடவி டேப் சுற்றிவிட்டுத்தான் சட்டத்தை அனுப்பினோம். திரும்பி வந்ததும் டேப்பை உரித்த ஆசான் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினைக் கழற்றினோம், நல்ல விலைக்குக் கேட்டார்கள், விற்றுவிட்டேன். ஆர்.சி.யிலோ எரிபொருள் டீசல். வண்டியில் ஒரு மாற்றம் செய்யும் முன்பே பதிவு அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. பழையபடி மாற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது மாற்றம்தான். நான் எஞ்சினே இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினேன். "இப்ப இருக்கிற வண்டி எங்கே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விற்ற எஞ்சினின் ரசீது, வாங்கியவரின் கடிதம், பழைய ஆர்.சி. பக்கங்களின் நகல் என்று அலைந்ததில் எட்டு மாதம் போயிற்று. வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே விண்ணப்பித்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

இன்னொரு வழி இருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவத்தில் பாதுகாக்கப்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் எடுத்துப் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். சும்மா தோட்டத்துக்கும் கோயிலுக்கும் ஓட்ட முடியாது. ரப்பர் தோட்டத்துக்குப் போகாத ஜீப் எனக்கு எதற்கு? சாதாரணப் பதிவிலேயே எஃப்.சி. எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். சேகரிப்பவர்களுக்கு வி.ஏ. நல்ல வழி, எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, எஞ்சின். 1989இல் கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் பாட்டா விற்கவில்லை. ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையின் மூலையில், தேங்காய்ச் சிரட்டைக் குவியலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடம் கிடந்தது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன், வால்வுகள் பக்கவாட்டில் நிற்கிற பழைய பாணி. கோ-டெவில் என்று பெயர். ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தால் எம்.பி. என்று ஆரம்பிக்கிறது. ஃபோர்டு சட்டத்தில் வில்லீஸ் எஞ்சின்! பட்டாளத்துப் பட்டறைகளில் இரண்டு கம்பெனியின் பாகங்களும் கலந்துதான் மாட்டுவார்கள், ஒன்றுக்கொன்று பொருந்தும்படிதானே செய்திருக்கிறார்கள். ஆக எல்லா எண்ணும் ஒத்துப்போகிற அசல் வண்டி என்ற என் கனவு, பாட்டா வாங்குவதற்கு முன்பே கலைந்து போயிருந்தது. அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கனவு அங்கேயே உடைந்ததால் நிறையப் பணம் மிச்சம்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. இங்கே ஆசானின் பொறுமையைச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டிங் ஹாண்டில் போட்டுத் தம் பிடித்துத் திருப்பலாம் என்றேன். "திருப்பினா ரிங் ஒடையும். ஒடைஞ்ச ரிங் சிலிண்டர்ல கோடு போடும். எதுக்கு?" என்று கேட்டார். ஹெட்டைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசலையும் கியர் ஆயிலையும் கலந்து ஊற்றினார். பேப்பரில் தேதி எழுதிச் சுவரில் ஒட்டினார். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து மரத்துண்டு வைத்து பிஸ்டன் தலையில் மெல்லத் தட்டுவார், குறைந்த எண்ணெயை நிரப்புவார், போவார். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் எண்ணெய் குறையவே இல்லை. இருபத்து மூன்றாம் நாள் காலையில் அதிலும் அரை விரற்கடை இறங்கியிருந்தது. அன்றுதான் ஹாண்டிலைத் தொட விட்டார். பாதிச் சுற்று வந்தது. பிறகு நாகர்கோவிலில் ஒரு லேத்தில் கொடுத்து சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய அளவு பிஸ்டன் போட்டோம். டைமிங் செயின் புதிது. வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி 14 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி 20 தௌ. சிலிண்டர்களில் பெட்ரோல் எரிகிற வரிசை 1-3-4-2. இந்த வரிசையை ஆசான் மனதில் வைத்திருந்தார், முப்பது வருடம் கழித்தும் ஏட்டைப் பார்க்கவில்லை.

பெட்ரோல் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் கலவையை அழுத்துகிற அளவு, குறைவு, ஏறக்குறைய ஆறரைக்கு ஒன்று. அதனால் எந்த பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் டக்டக்கென்று தட்டாது. ஆனால் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயும் ஃபியூவல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பிவிடும். முதல் டயஃப்ரம் நான்கே மாதத்தில் போயிற்று, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்த பிறகுதான் கவனித்தேன். எத்தனால் தாங்கும் குழாயும் டயஃப்ரமும் கேட்டு வாங்குங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.

பாடிதான் கண்ணீர். இந்த ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவத்தில் மடித்த இரும்புப் பட்டைகள் ஓடும். அவற்றுக்குள் மரத்துண்டு வைத்திருப்பார்கள். வெயில் காய்கிற நாட்டில் சரி. எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மரம் தண்ணீரைக் குடித்துக் குடித்து இரும்பை உள்ளிருந்து தின்றுவிட்டது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பிலிப்பைன்ஸில் இந்த ஜீப்புக்கு அச்சு அசலாகப் புது பாடியே செய்து விற்கிறார்கள். கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைவிட, பாட்டா கை வைத்த தகடு ஒன்றுகூட மிஞ்சாதே என்றும் தோன்றியது. துருப்பிடித்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம் என்றார் ஆசான். தரையில் பாதி, பக்கத் தகடுகளின் கீழ் ஓரம், பின்தகட்டின் ஒரு மூலை புதிது. மரத்துண்டுக்கு அயனி மரம் போட்டோம். குளச்சலில் வள்ளம் செய்கிறவர்கள் அயனிதானே கேட்கிறார்கள்? வேப்பெண்ணெயில் ஊற வைத்து, பட்டையின் இரண்டு முனையிலும் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு மூடினோம். அசலில் அந்த ஓட்டை கிடையாது. இருக்கட்டும்.

1989இல் வெட்டிய ஒவ்வொரு இடமும் ஆசானுக்கு ஞாபகம் இருந்தது. "இங்க கேஸ் கட்டர் வச்சு நாலு விரக்கடை எடுத்தேன். இந்த மவுண்ட் பேச்சிப்பாறைப் பழைய ஷட்டர் இரும்பு." வேறு மெக்கானிக்கிடம் போயிருந்தால் எது கம்பெனி வெல்டிங், எது ஊர் வெல்டிங் என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆகியிருக்கும். மாற்றிய வண்டியைப் பழையபடி ஆக்க நினைப்பவர்கள், மாற்றியவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரைத் தேடிப் போங்கள். அவரைத் திட்டாதீர்கள். நானும் ஒருநாள் ஆற்றாமையில், "ஏன் ஆசானே இப்படி வெட்டினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மலைச் சாரல்ல லோடோட ஏறினா லிட்டருக்கு ஆறு கூடக் குடுக்காது மக்கா. டீசலு அப்ப பெட்ரோல் வெலையில பாதிகூட இல்ல. பார்ட்ஸ் கிடைக்காது. நான் வெட்டலன்னா ஓங்க பாட்டா இத இரும்புக்குப் போட்டிருப்பாரு. வெட்டினதாலதான் இன்னைக்கு நீ ஒட்டுத."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கோழிக்கூட்டுத் தகட்டைப் பெயர்த்தெடுத்த நாள் வீட்டில் திருவிழா. சித்தி மட்டும் புதுக் கூடு கட்டித் தந்தால்தான் தருவேன் என்றார், கட்டிக் கொடுத்தேன். தகட்டை அழுத்தி அச்சில் அடிக்கிற இந்த ஒன்பது ஓட்டை முகம் ஃபோர்டின் யோசனை. வில்லீஸ் முதலில் பட்டைக் கம்பிகளைப் பற்றவைத்துத்தான் செய்தது, பிறகு அதுவும் ஃபோர்டைப் பார்த்து மாறிக்கொண்டது. தகட்டின் பின்னால் ஹெட்லைட்டைத் தாங்கும் கீல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இறக்கை நட்டைத் தளர்த்தினால் லைட் அப்படியே பின்பக்கம் புரண்டு எஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கும். இருட்டில் ரிப்பேர் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்று வரும் எந்த வண்டியிலும் நான் பார்க்கவில்லை. மூன்று நாள் எண்ணெய் விட்டதில் கீல் அசைந்தது.

பானட் மட்டும் கிடைக்கவே இல்லை. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றினேன். பஞ்சாப் பக்கம் மண்டி டப்வாலியில் ஜீப் கட்டுகிறவர்களிடம் போனில் கேட்டேன். கிடைத்ததெல்லாம் உயரமான பின்னாளைய பானட். கடைசியில் அளவெடுத்துப் புதிதாக அடித்ததுதான். கண்ணாடியை மடித்துப் படுக்க வைப்பதற்கு பானட்டின் மேல் இரண்டு மரக்கட்டை உண்டு, அதுவும் அயனி. கியர்பாக்ஸும் அசல் கிடையாது. அசல் டி-84 பெட்டியை டீசல் எஞ்சினின் இழுவை தாங்காது என்று ஆசான் அப்போதே கழற்றி யாருக்கோ கொடுத்திருக்கிறார். டீசலுக்குப் போட்ட டி-90 பெட்டியையே சில மாற்றங்களோடு பெட்ரோல் எஞ்சினுக்குப் பின்னால் மாட்டினோம். அது பலமானது, வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

சக்கரத்தில் ஒரு அசம்பாவிதம். இடதுபக்கச் சக்கரத்தின் நட் ஒன்று கழலவில்லை. ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் சொருகி ஏறி நின்றேன். டப் என்று ஸ்டட், அதாவது நட் மாட்டுகிற போல்ட், முறிந்தது. அடுத்ததிலும் அதேபோல் ஏறினேன், அதுவும் முறிந்தது. மூன்றாவதில் ஏறப் போனபோதுதான் ஆசான் டீ குடித்துவிட்டு வந்தார். இந்த ஜீப்பில் இடதுபக்கச் சக்கரங்களின் மரை இடதுகை மரை, கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். நான் கழற்றுவதாக நினைத்து முழு மூச்சாக இறுக்கியிருக்கிறேன். ஆசான் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. இரண்டு ஸ்டட்டுக்கும் ஒன்றரை மாதம் காத்திருந்தேன்.

இது சிரிப்போடு போயிற்று. ஆனால் பட்டாளத்து ரிம்மில் சிரிக்க முடியாத ஒன்று உண்டு. அது இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தொட்டால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும். வால்வை உருவி, காற்று முழுக்கப் போன பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டுகிற பையன்களுக்கு இது தெரியாது. நான் இப்போது ரிம்மிலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். டயர் 6.00-16, டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் அதே அளவு இருப்பதால் கிடைப்பது கஷ்டமில்லை.

பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டர், குழாய், லைனிங் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், இதில் அசல் பார்க்காதீர்கள். மின்சாரத்தில் அசல் 6 வோல்ட். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், அதனால் தடித்த கேபிள் வேண்டும். கடைக்காரர் கொடுத்த மெல்லிய கேபிளைப் போட்டதில் ஸ்டார்ட்டர் முனகியது, கேபிள் சுட்டது. அந்த அளவு பேட்டரியும் எங்கள் ஊரில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு 12 வோல்ட்டுக்கே திரும்பிவிட்டேன். பட்டாளத்தில் இருந்தபடி என்ற என் வாக்கில் இது முதல் விரிசல்.

இரண்டாவது, இண்டிகேட்டர். இந்த ஜீப் லெஃப்ட் ஹேண்ட் டிரைவ். ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கிற வண்டியில் சைகை காட்டும் கருவி கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 120ஆம் பிரிவு. போர்க்கால ஜீப்பில் ஏது இண்டிகேட்டர்? சின்ன ஆரஞ்சு விளக்குகளை, ஓட்டை போடாமல், கிளாம்ப்பில் மாட்டினோம். திற்பரப்பு திருப்பத்தில் எதிரே வரும் பஸ் டிரைவருக்கு என் வண்டியின் வரலாறு தேவையில்லை, நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்பதுதான் தேவை.

மூன்றாவதுதான் பெரியது. நிறம்.

பட்டாளத்து நிறம் என்றால் ஆலிவ் பச்சை. பெயிண்ட் கடையில் டப்பாவே எடுத்து வைத்துவிட்டார்கள். பெயிண்டர்தான் ஒரு சந்தேகம் கேட்டார். விசாரித்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. பட்டாளத்துக்கென்றே பிறந்த வண்டிக்கு அதன் பிறந்த நிறம் கிடையாது! ஊர்வலங்களில் அடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டு நிறுத்த வேண்டிய எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

பின்சக்கரத்தின் மேல் பெட்டி மாதிரி ஒரு அறை இருக்கும், டூல்ஸ் வைக்க. அதன் மூடியின் உள்பக்கத்தை நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் என் சின்ன வயது மஞ்சள். அதற்குக் கீழே செங்காவி. அடுத்து ஒரு மங்கிய நீலம், பாட்டா வாங்கிய புதிதில் அடித்தது என்று அப்பா சொன்னார், தேவாலயத் திருவிழாவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சமாம். அதற்கும் கீழே பளபளப்பே இல்லாத, காய்ந்த பாசி மாதிரி ஒரு பச்சை. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எல்லா நிறமும் வளையம் வளையமாகத் தெரிந்தது, மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி. அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுத் தெளிந்த லாக்கர் பூசிவிட்டேன். வெளியே பாட்டாவின் நீலம். நான் சொன்ன பதில் மாறியது இங்கேதான். ஆசானிடம் போய், "பாட்டா வாங்கினப்ப இருந்த மாதிரியே போதும் ஆசானே" என்றேன். "நான் அன்னைக்கே கேட்டேன்லா" என்றார்.

செலவுக் கணக்கை எழுதிய நோட்டை மனைவி பார்த்துவிட்டாள். "இந்த ரூவாய்க்கு ஒரு புது காரு வாங்கியிருக்கலாம்" என்றாள். உண்மைதான், ஓரளவு நல்ல காரே வாங்கியிருக்கலாம். மூன்றரை வருடம் ஆயிற்று. அதில் ஒன்றரை வருடம் காத்திருந்தது மட்டும்.

முன்கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கம், கீழே, இரண்டு ஜோடி ஓட்டைகள் உண்டு. சிப்பாயின் துப்பாக்கியைப் படுக்க வைக்கும் தாங்கியை அங்கேதான் மாட்டியிருப்பார்கள். பாட்டா அந்த ஓட்டைகளில் சைக்கிள் டியூப் பட்டையை முடிந்து ரப்பர் பால் வெட்டும் கத்தியைச் சொருகி வைத்திருந்தாராம். துப்பாக்கித் தாங்கியின் நகல் வெளிநாட்டில் கிடைக்கிறது, ஆர்டர் கொடுக்கும் பக்கம் வரை போய்த் திரும்பிவிட்டேன். இப்போது அங்கே சைக்கிள் டியூப்தான், என் கத்திதான்.

முதல்முறை ரோட்டில் இறக்கிய அன்று ஆசானையே ஓட்டச் சொன்னேன். இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் பட்டன் தரையில், காலால் மிதிக்க வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார், சும்மா இருந்தார். ஐந்து விநாடி, பத்து விநாடி. ஏதோ ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்து நின்றேன். பதினைந்து விநாடி ஆனதும் கேட்டேன்.

"என்ன ஆசானே?"

"ஹீட்டர் சூடாகட்டும்னு இருக்கேன்."

"இது பெட்ரோல் ஆசானே. ஹீட்டர் டீசலுக்குத்தானே."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷ பழக்கம்லா" என்று சொல்லிக்கொண்டே காலை வைத்து மிதித்தார்.